பட்டா இருக்கிறது, வில்லங்கம் இல்லை, வங்கி கடன் தருகிறது: இது போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருச்சியில் 1,200 சதுர அடி மனையில் கட்டிய பழைய தனி வீடு ஒன்றை 68 லட்ச ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறீர்கள். அதை 1998-இல் வாங்கியவர் 2014-இல் காலமாகிவிட்டார். இப்போது விற்பவர் அவருடைய மூத்த மகன். அவருக்குத் தாயார், ஒரு தம்பி, திருமணமான ஒரு தங்கை இருக்கிறார்கள். பட்டா மூத்தவர் பெயருக்கு மாறியிருக்கிறது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் 1998 கிரையத்தைத் தவிர வேறு பதிவே இல்லை. வங்கியும் கடன் தரச் சம்மதித்துவிட்டது. மாடியில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாக ஒரே வாடகைக்காரர். தரகர் “எல்லாம் சுத்தமாக இருக்கிறது” என்கிறார். ஆகவே தனியாக ஒரு வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டுமா, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் எழுதிக்கொண்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். செலவைக் குறைப்பது பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, இவ்வளவும் கையில் இருந்தால் வீடு விற்பவருடையது என்று நம்பலாமா என்பதைத்தான். நம்ப முடியாது. அதற்கான காரணம் நீங்கள் எழுதிய விவரங்களிலேயே இருக்கிறது.

நான் பதிவுத் துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீதிமன்றத்தில் வழக்காடியவன் அல்லன். வருமான வரி பற்றிச் சொல்வதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆவணங்களை நான் பார்க்கவில்லை. விற்பவர் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் அலுவலகத்தைப் பற்றிய தவறான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். “அரசாங்கமே பதிவு செய்து கொடுத்திருக்கிறதே, பிறகு என்ன பயம்?” என்று படித்தவர்களே கேட்பார்கள். பத்திரம் எழுதிக்கொடுப்பவர் அவர்தானா, கையெழுத்தை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா, சொத்து அரசு நிலம், கோயில் நிலம் போன்ற தடைப் பட்டியலில் இருக்கிறதா: சார்பதிவாளர் பார்ப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். எழுதிக்கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை உண்டா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், உரிமைக்கு ஆதாரம் கேட்டுப் பதிவை மறுக்க வழிசெய்த தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(1)-ஐச் செல்லாது என்று சொன்னபோது இதைத்தான் அழுத்தமாகச் சொன்னது. எழுதிக்கொடுப்பவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ அவ்வளவுதான் பதிவான பத்திரத்தின் வழியாக உங்களுக்கு வரும். அவருக்கு ஐந்தில் ஒரு பங்குதான் உண்டு என்றால், நீங்கள் 68 லட்சம் கொடுத்து வாங்கியதும் ஐந்தில் ஒரு பங்குதான்.

பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறையின் பதிவு. நிலத்துக்கான தீர்வையை யாரிடம் கேட்பது என்பதற்காக வைத்திருக்கும் கணக்கு. அனுபவத்துக்கு நல்ல ஆதாரம், உரிமைக்கு மூலம் அல்ல என்று நீதிமன்றங்கள் சலிக்காமல் சொல்லி வருகின்றன. உங்கள் விஷயத்தில் பட்டா மூத்த மகன் ஒருவர் பெயருக்கு மட்டும் மாறியிருப்பது எனக்கு நம்பிக்கையைவிடச் சந்தேகத்தையே தருகிறது. தகப்பனார் இறந்தால் வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வருவதே இயல்பு. ஒருவர் பெயருக்கு மட்டும் எப்படி மாறியது? வட்டாட்சியர் அலுவலகத்தில் அதற்கு ஓர் உத்தரவு இருக்கும். அதற்கு ஆதாரமாக எதைக் கொடுத்தார்கள் என்ற விவரமும் இருக்கும். அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இனி வில்லங்கச் சான்று. அது பதிவு அலுவலகத்தின் முதல் புத்தகத்தில், அதாவது அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேட்டில், நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு எதிரே என்ன பதிவாகியிருக்கிறது என்று மட்டும் காட்டும். “நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு” என்பதைக் கவனியுங்கள். 142/3 என்று இருந்த நிலம் பிற்பாடு 142/3ஏ2 என்று உட்பிரிவாகியிருக்கும். மாநகராட்சி எல்லைக்குள் வந்தபின் நகர அளவை எண் என்று இன்னொன்று வந்திருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் பதிவான அடமானம் வெளியே வராது. சான்று சுத்தமாகவே வரும், அதில் பொய்யும் இருக்காது. அதேபோல, அந்தப் பகுதி முன்பு வேறொரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் இருந்திருந்தால் அங்கும் தேட வேண்டும். பழைய எண், புதிய எண், பழைய அலுவலகம், புதிய அலுவலகம் என எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மனுப் போடச் சொல்லுங்கள். கட்டணம் பெரிதாக வராது.

சான்றில் வராதவை இன்னும் முக்கியம். உயில் பதிவானாலும் அது மூன்றாம் புத்தகத்தில் இருக்கும், வில்லங்கச் சான்றில் வராது. பதிவு செய்யாத உயிலும் செல்லும். இரண்டு சாட்சிகள் போதும், முத்திரைத்தாள்கூட வேண்டாம். பதிவான உயிலின் நகலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோதான் வாங்க முடியும். இறந்த பிறகு இறப்புச் சான்றைக் காட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்கும் சான்றில் வராமல் போகலாம். ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். குடும்பத்தினர் பெயர்களைக் கொண்டு மின்னணு நீதிமன்றத் தளத்தில் தேடிப் பார்ப்பது நல்லது. பத்திரங்களை வங்கியில் வைத்து வாங்கிய கடனுக்கான ஆவணம், பதிவுச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவாக வேண்டும். அதற்கு முந்தைய கடன் சான்றில் தெரியாமல் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே 1998 அசல் பத்திரத்தை நகலாக அல்ல, அசலாகவே கையில் வாங்கிப் பாருங்கள். முப்பது ஆண்டு என்பதும் வழக்கத்தில் வந்த ஒரு கணக்கு. முப்பத்தோராம் ஆண்டில் எல்லா உரிமையும் காலாவதியாகிவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1998-இல் விற்றவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று காட்டும் தாய்ப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் சான்றையே எடுத்துக்கொள்வோம். 1998-இல் தகப்பனார் வாங்கினார். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. தாயார் தம் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியதாக இல்லை, தம்பி, தங்கை எழுதியதாக இல்லை, பாகப்பிரிவினை இல்லை, தகப்பனார் உயிரோடு இருந்தபோது தானசெட்டில்மென்ட் எழுதியதாகவும் இல்லை. அப்படியென்றால் சொத்து மூத்த மகனுக்கு முழுமையாக வந்து சேர்ந்ததற்குப் பதிவேட்டில் எந்தத் தடயமும் இல்லை. தரகர் எதைச் சுத்தம் என்று காட்டுகிறாரோ அதுதான் இங்கே வில்லங்கம். பதிவேட்டைப் பார்த்தால் யார் வந்து கையெழுத்துப் போட்டார்கள் என்று தெரியும். கையெழுத்துப் போட வேண்டியவர்களில் யார் வரவில்லை என்பதை நாம்தான் குடும்ப வரலாற்றைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

தங்கைக்குக் கல்யாணத்தின்போதே நகை போட்டாயிற்று, இனி அவருக்குப் பங்கில்லை என்று தரகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நகைக்கும் பங்குக்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. பெண்களுக்குப் பங்கு வந்தது 1989-இல்தான் என்று ஒரு சாரார் சொல்வார்கள், 2005-இல்தான் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த சட்டத் திருத்தங்களும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. தகப்பனார் தாமே சம்பாதித்து வாங்கிய சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கு மகனோடு சமபங்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. திருமணமானவரா இல்லையா என்ற கேள்வியே எழாது. தம்பி வெள்ளைத்தாளிலோ இருபது ரூபாய் முத்திரைத்தாளிலோ “ஆட்சேபம் இல்லை” என்று எழுதிக்கொடுப்பதும் உதவாது. அசையாச் சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம் பதிவாக வேண்டும்.

எல்லோரும் மறந்துபோகும் ஒருவர் இருக்கிறார்: இறந்தவரின் தாயார், அதாவது விற்பவரின் பாட்டி. இந்து ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. 2014-இல் பாட்டி உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். இருந்திருந்தால், அன்று சொத்து நான்காக அல்ல, ஐந்தாகப் பிரிந்தது: மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், பாட்டி. பிறகு பாட்டியும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா முன்பே காலமாகிவிட்டார் என்றும் கொள்வோம். பாட்டிக்கு, இறந்துபோன மகனைத் தவிர, இன்னும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் உண்டு என்றால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு நான்காகப் பிரியும். சித்தப்பா, பெரியப்பா, அத்தை மூவருக்கும் ஆளுக்கு இருபதில் ஒரு பங்கு. இறந்த மகனுக்குரிய இருபதில் ஒரு பங்கு அவருடைய பிள்ளைகளுக்குச் சேரும். மூவருக்கும் சேர்ந்து இருபதில் மூன்று. உங்கள் 1,200 சதுர அடியில் அது 180 சதுர அடி. இந்த மூவரும் வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள், பங்கு இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. வீடு 68 லட்சத்துக்கு விலைபோனது என்று கேள்விப்பட்ட பிறகு தெரிந்துகொள்வார்கள்.

வாரிசுச் சான்றில் பாட்டியின் பெயர் இல்லையே என்றால், விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டிருக்கலாம். அந்தச் சான்று வாரிசுகளை அடையாளம் காட்டும், பங்கைத் தீர்மானிக்காது. இந்தக் கணக்கு எல்லா மதத்தினருக்கும் பொதுவானதும் அல்ல. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம்களுக்கு, பிள்ளைகள் இருக்கும்போது தாயின் பங்கு ஆறில் ஒன்று.

இதைச் சரிசெய்யும் வழி சிக்கலானதல்ல. பங்குள்ள எல்லோரையும் ஒரே கிரையப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தனித்தனியாக விடுதலைப் பத்திரம் எழுதினால், கூடப்பிறந்தவர்களுக்குள் முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு; சித்தப்பா, அத்தை உறவுக்கு அந்தச் சலுகை கிடைக்காமல் போகலாம். ஒரே பத்திரத்தில் சேர்த்தால் அந்தப் பிரச்சினையே எழாது. பங்குதாரர்களில் யாராவது பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் மட்டும் நிறுத்தி வழக்கறிஞரைக் கேளுங்கள்; மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். மூத்தவர் திடீரென்று தகப்பனாரின் உயில் ஒன்றைக் காட்டினாலும் மற்ற வாரிசுகளைச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வையுங்கள். உயிலின் உண்மைத்தன்மையைக் கடைசியில் முடிவு செய்வது நீதிமன்றம்தான். நாளிதழில் அறிவிப்புக் கொடுத்தால் போதுமா என்று சிலர் கேட்பார்கள். விசாரித்துத்தான் வாங்கினீர்கள் என்று காட்ட அது ஓரளவு உதவும். பங்குள்ளவரின் உரிமையைப் பறிக்கும் அளவுக்கு அதற்குப் பலம் உண்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். “சம்மதித்துவிட்டது” என்பது பெரும்பாலும் உங்கள் சம்பளத்தைப் பார்த்துச் சொன்ன முதல்கட்டச் சம்மதம். சொத்து ஆவணங்களை வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது அதன் பிறகு. அவர் எழுதும் கருத்துரையும் வங்கிக்காக எழுதப்படுவது. வங்கி முழு விலைக்குக் கடன் தருவதில்லை. உங்கள் சம்பளமும் அதற்குப் பிடிமானம். நாளைக்கு வீட்டில் முக்கால் பங்கு உங்களுடையதல்ல என்று தீர்ப்பு வந்தாலும் மாதத் தவணை நிற்காது. அந்தக் கருத்துரையின் நகல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனாலும் உங்களுக்காக மட்டும் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவர் வேண்டும். அவரைத் தரகர் அறிமுகப்படுத்த வேண்டாம்.

மாடி வாடகைக்காரரைப் பற்றி நீங்கள் பயப்படுவது வேறு திசையில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்டால் வீடு அவருக்கே என்பது பரவலான வதந்தி. உரிமையாளரை மறுத்து, தனக்கே சொந்தம் என்று பகிரங்கமாக அனுபவிப்பவருக்குத்தான் அந்தக் காலக்கணக்கு. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் அனுமதியின் பேரில் இருக்கிறார். உண்மையான சங்கடம் எதுவென்றால், வீட்டோடு அவரும் உங்களிடம் வருவார், அவர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பும் கூடவே வரும். பதிவுக்கு முன்பே காலி செய்து தரச் சொல்லுங்கள், அல்லது முன்பணத்தை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வழிகாட்டி மதிப்பு. அரசு அதை நிர்ணயிப்பது முத்திரைத் தீர்வைக்கு ஒரு குறைந்தபட்ச அளவாக. அந்த விலைதான் பத்திரத்தில் எழுத வேண்டிய விலை என்பது தவறு. உண்மையான விலை அதைவிட அதிகமானால் உண்மையான விலையைத்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023-இலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. 68 லட்சத்துக்கு 6,12,000 ரூபாய். உங்கள் வீட்டின் வழிகாட்டி மதிப்பு உதாரணத்துக்கு 40 லட்சம் என்றால் 3,60,000. இரண்டரை லட்சம் மிச்சம் என்று தரகர் ஆசை காட்டுவார். சில ஆண்டு கழித்து நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 40 லட்சம் என்றுதான் கணக்கில் இருக்கும். மறைத்த 28 லட்சமும் உங்கள் லாபமாகத் தெரியும். இன்றைய 12.5 சதவீத மூலதன ஆதாய வரிப்படி அதற்கு மட்டும் 3,50,000. தவிர, அந்த 28 லட்சத்தை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். நாளை பாகத் தகராறு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால் நீங்கள் கொடுத்தது 40 லட்சம்தான் என்று உங்கள் பத்திரமே சாட்சி சொல்லும்.

மனைவி பெயரில் வாங்கினால் கட்டணம் குறையும் என்று யாரோ சொன்னதாகவும் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை உண்டு. ஆனால் அது 10 லட்ச ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துக்குத்தான், உங்களுக்குப் பொருந்தாது. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் ஒரு சதவீதம், அதாவது 68,000 ரூபாயை, விற்பவருக்குத் தரும் பணத்தில் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. கணவன் மனைவி ஆளுக்கு 34 லட்சம் என்று காட்டித் தப்பிக்கலாம் என்பது பழைய யோசனை. 2024 அக்டோபர் முதல் மொத்த விலையைத்தான் பார்க்கிறார்கள். பங்குதாரர்களில் யாராவது வெளிநாட்டில் குடியிருப்பவரானால் அவருடைய பங்குக்கு இந்த ஒரு சதவீதம் செல்லாது. பிடித்தம் மிகவும் கூடுதல். முன்பணம் கொடுக்கும் முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, முன்பணமும் ஒப்பந்தமும். கிரைய ஒப்பந்தம் போட்டுவிட்டால் வீடு பாதி நம்முடையது என்ற நினைப்பு வாங்குபவர்களுக்கு. முன்பணத்தை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தால் ஒப்பந்தத்தை உதறிவிடலாம் என்ற நினைப்பு விற்பவர்களுக்கு. இரண்டும் சரியல்ல. ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. ஆனால் விற்பவர் பின்வாங்கினால், ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரச் சொல்லி மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர முடியும். இரட்டிப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே பேச்சுக்கு வரும். 2012 திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் வழக்கே போட முடியாதா என்றால், அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியை நம்பிப் பணம் கொடுப்பதைவிடப் பதிவுக்குச் செலவழிப்பது குறைவு. மூத்த மகன் மட்டும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அவருடைய பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே பங்குள்ள எல்லோரும் ஒப்பந்தத்திலேயே வர வேண்டும்; முன்பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குக் காசோலையாகவோ நேரடிப் பரிமாற்றமாகவோ போக வேண்டும்.

இந்த வாரம் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: தகப்பனாரின் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் உத்தரவின் நகல், பாட்டியின் இறப்புச் சான்று. பாட்டி 2014-க்கு முன்பே இறந்திருந்தால் தாயார், தம்பி, தங்கை ஆகிய மூவரும் மூத்தவரோடு கையெழுத்துப் போட்டால் வாரிசுச் சிக்கல் தீர்ந்துவிடும். பிறகு இறந்திருந்தால் சித்தப்பா, பெரியப்பா, அத்தை வீடுகளுக்கும் போய்ப் பேச வேண்டியது விற்பவரின் வேலை. அதற்கு அவர் இரண்டு மாதம் கேட்டால் கொடுங்கள். “அவர்களையெல்லாம் எதற்கு இழுக்கிறீர்கள்” என்று கேட்டாரானால் முன்பணம் கொடுக்காதீர்கள்.